குலசேகரத்தில் மூன்றாவது பெரட்டு

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு நாடகம் போடப் போனவர்கள் மூன்று பேர்: நான், செல்வி அக்கா, தப்பு அடிக்கும் ரவி. வராதவர் முத்தையா.

எங்கள் நாடகக் குழுவில் மொத்தமே நான்கு பேர்தான். இலங்கையில் ஹட்டனுக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்து ஆட்கள். முத்தையா பிறந்தபோது அவர் பேரைப் பதிய வேண்டும் என்று தோட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஆகவே பாஸ்போர்ட் இல்லை. நாற்பத்திரண்டு வயது மனிதர், தான் பிறந்ததற்குச் சாட்சி தேடி ஐந்து அலுவலகம் ஏறி இறங்கினார். கடைசியில், "நான் பொறக்கலன்னே வெச்சுக்கங்க தம்பி, நீங்க போயிட்டு வாங்க" என்று சிரித்தார். சிரிப்பு எங்களுக்காகத்தான்.

நாடகத்துக்குப் பேர் 'பெரட்டு'. தோட்டத்தில் விடியும்போது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து விடுவதைத்தான் எங்கள் ஊரில் பெரட்டு என்போம். பூட்டன் காலத்தில் வெள்ளைக்காரத் துரை ஆரம்பித்தது. துரை கப்பலேறிப் போய்விட்டார், பெரட்டு போகவில்லை.

எங்கள் நாடகத்துக்கு மேடையும் திரையும் கிடையாது. வருகிறவர்கள் பேரை வாசலிலேயே ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டு வரிசையில் நிற்க வைப்போம். எதிரே ஒரு நாற்காலி, துரையின் நாற்காலி. கூட்டத்திலிருந்து யார் வேண்டுமானாலும் வந்து அதில் உட்காரலாம். நான் கணக்கப்பிள்ளை. மூன்று முறை பேர் கூப்பிடுவேன். முதல் முறை எல்லாரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். இரண்டாம் முறை, பிந்திச் சொன்னவருக்குப் பாதிச் சம்பளம் வெட்டு என்று அறிவிப்பேன். சிரிப்பு குறையும். மூன்றாம் முறை கூப்பிடும்போது கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிற முத்தையா பதில் சொல்லாமல் தரையில் உட்கார்ந்து விடுவார். அவரைப் பார்த்துப் பக்கத்து ஆள் உட்காருவார், பிறகு அடுத்தவர். கடைசியில் நான் மட்டும் பதிவேட்டோடு நிற்பேன். முத்தையாவை நாங்கள் 'விதை' என்போம். பதினொரு தோட்டங்களில் போட்டிருக்கிறோம். ஒரு இடத்திலும் விதை முளைக்காமல் போனதில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவின் சம்பளச் சீட்டை அவருக்கு வாசித்துக் காட்டிய அன்று, எத்தனை நாளைப் பாதியாக வெட்டியிருக்கிறார்கள் என்று அவரும் நானும் ஒன்றாகத்தான் தெரிந்துகொண்டோம். நாடகத்தை எழுத வைத்தது அந்தச் சீட்டு. வாசிக்கத் தெரிந்தால் போதும், எதையும் மாற்றிவிடலாம் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம்.

எங்களைக் கூப்பிட்டது ஜெபின். குலசேகரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர், ஊர் வாசகசாலைக்குச் செயலாளர். நாகர்கோவிலில் இறங்கியதும் போன் போட்டேன். "குலசேகரம் பஸ்ஸு நிக்கும், கேறி இருங்க" என்றார். கேறினோம். அது குலசேகரம் போகிற பஸ் இல்லை என்பது நெய்யூர் வந்த பிறகுதான் தெரிந்தது. கண்டக்டர் பேசியது எங்கள் காதுக்குப் பாட்டு மாதிரி இருந்தது. ராகம் புரிந்தது, ஊர்ப் பேர் புரியவில்லை.

நெய்யூரில் பழைய மிஷன் ஆஸ்பத்திரி பக்கத்துச் சாயாக்கடையில் பைகளை இறக்கினோம். கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கா வந்திய? ஆருக்கு சொகமில்ல?"

"குலசேகரம் போகணுங்க."

"அதுக்கு இங்க என்னத்துக்கு எறங்கினிய? தக்கலைக்குப் போயில்லா மாறணும்." பிறகு ரவியின் தோளில் தொங்கிய தப்பைப் பார்த்தார். "எந்த வீட்டுல சாவு?"

"சாவு இல்லிங்க, நாடகம்" என்றான் ரவி.

"நாடகத்துக்கு இந்த மேளமா? கொள்ளாமே!" என்று மெச்சினார்.

நாங்கள் சிலோன் என்றதும் பெஞ்சில் இருந்த ஒருவர் கருணையோடு, "முகாம்ல இருந்தா வாறிய?" என்றார். அகதி இல்லை, விசா எடுத்து வந்திருக்கிறோம் என்று சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கட்டன்சாயா வந்தது. எங்கள் பிளேன்டீதான், ஆனால் நிறமும் மணமும் வேறு. செல்வி அக்கா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணாடிக் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இருபது வருசம் கொழுந்து பறித்தவர். "நல்ல தூளுடா இது. நம்ம லயத்துல குடிக்கிறது கூட்டி அள்ளுன குப்பை" என்றார். லயம் என்பது தோட்டத்தில் ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள். பழம்பொரி இரண்டு தின்றோம்.

குலசேகரம் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர். இலை உதிரத் தொடங்கியிருந்த காலம், மரங்கள் சிவந்து நின்றன. எங்கள் நாட்டிலும் தாழ்வான பக்கங்களில் ரப்பர் உண்டு. பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டை, காயப்போட்ட ஷீட்டிலிருந்து வருகிற அந்தப் புளித்த நாற்றம், எதுவும் மாறவில்லை. வெளிநாடு வந்த மாதிரியே இல்லை என்றான் ரவி. எனக்கும் அப்படித்தான் பட்டது. அதை அன்று ஒரு நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன்.

தங்கியது ஜெபினின் பெரியம்மா மகள் சுஜா அக்காவின் வாடகை வீட்டில். முப்பத்தாறு வயது, கணவர் இல்லை, பத்தாவது படிக்கிற ஒரு மகள். பக்கத்துத் தனியார் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, "வல்லதும் தின்னியளா?" பதிலுக்குக் காத்திருக்காமல் மரச்சீனிக்கிழங்கு மசித்ததும் சாளைமீன் கறியும் வந்தன. எங்கள் ஊரிலும் மரவள்ளி தின்போம், வேறு எதுவும் இல்லாத நாளில். இங்கே அதை விருந்தாளிக்கு வைக்கிறார்கள்.

மறுநாள் காலை பதினொன்றுக்கு சுஜா அக்கா வேலை முடிந்து வந்தார். முன்னூறு மரம் வெட்டிப் பாலெடுத்து ஊற்றிவிட்டு வந்த கை. விரலிடுக்கில் பால் காய்ந்து தோல் மாதிரி உரிந்தது. அதை உரித்துக்கொண்டே பேசினார்.

"எங்களுக்கும் உண்டு மக்கா நீ சொல்லுத சாதனம். மஸ்டர்னு சொல்லுவோம். காலம்பற பேரு விளிப்பாவ. விளிச்சா வேல, விளிக்காட்டா வீடு."

அவர் தற்காலிகத் தொழிலாளி. இரண்டு வருசத்துக்குள் நானூற்றெண்பது நாள் வேலை செய்துவிட்டால் நிரந்தரம். நடுவில் ஒரு மாதம் பேர் கூப்பிடாமல் விட்டால், அந்தத் தோட்டத்து வழக்கப்படி எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. ஏற்கெனவே இரண்டு தடவை அப்படி ஆகியிருக்கிறது.

"இப்ப எத்தன நாள் பாக்கி?" என்று செல்வி அக்கா கேட்டார்.

"ஒம்பது." சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "ஒம்பது நாளு களிஞ்சா நான் பெர்மனென்ட்டு. தோட்டத்துக்க லயத்துல ஒரு வீடு தருவாவ. வாடக இல்ல. பிள்ள படிக்கதுக்கு ஒரு தனி முறி கிட்டும்."

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். லயத்தை விட்டு எப்படி வெளியேறுவது என்பதுதான் எங்கள் ஊரில் நாலு தலைமுறையாக இருக்கிற ஏக்கம். இந்த மனுஷி லயத்துக்குள் போக நாள் எண்ணிக்கொண்டிருந்தார். இதை அன்றிரவு என் நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். ஒன்பது என்ற எண்ணை எழுதவில்லை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை, தோட்டத்துக்கு லீவு. இராஜாக்கமங்கலத்தில் முதல் காட்சி. ஜெபினின் ஆட்டோவில் அவரோடு சேர்த்து நாலு பேரும், தப்பும், அவர் கொடுத்த ஒரு பழைய நாற்காலியும். நாற்காலியை மேலே கட்டியிருந்தோம். வழியில் கயிறு அறுந்து அது ரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டு இறங்கி, "ஏலே, ஆருக்க சிம்மாசனம்லே இது?" என்று ஏசினார். ஒரு கால் ஒடிந்தது. அதன் பிறகு நாற்காலி ஒரு செங்கல்லின் மேல்தான் நின்றது.

முத்தையாவின் இடத்துக்கு அன்று ஜெபின். கடற்கரையில் அவரை யாருக்கும் தெரியாது, சுலபமாகக் கலந்து நின்றார். ஆனால் அங்கே விதைக்குத் தேவையே இருக்கவில்லை. முதல் பெரட்டிலேயே மீன்பிடிக்கிற ஆட்கள் மறுத்துவிட்டார்கள். "எனக்க பேரு எனக்க அம்மைக்குத் தெரியும், ஒனக்கு என்னத்துக்கு?" என்றார் ஒருவர். இன்னொருவர் நாற்காலியில் ஏறி நின்று துரை மாதிரி ஒன்றுக்கிருக்கப் போவதாக நடித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பதினைந்து நிமிடத்தில் நாடகம் முடிந்துபோயிற்று. முறல் மீன் பொரித்துச் சோறு போட்டு அனுப்பினார்கள். இந்த மக்களுக்கு வேறு எத்தனையோ கஷ்டம் இருக்கும், காலையில் வரிசையில் நின்று பேர் சொல்கிற கஷ்டம் மட்டும் இல்லை. எங்கள் நாடகம் அவர்கள் மேல் படாமல் வழுக்கிப் போனது. எனக்கு அது தோல்வியாகத் தெரிந்தது. குலசேகரத்தில் இதை ஈடுகட்ட வேண்டும் என்று ஆட்டோவில் வரும்போது மனதுக்குள் உறுதி செய்துகொண்டேன்.

குலசேகரத்தில் ஜெபினை விதையாக்க முடியாது. ஊர் முழுக்க அவரைத் தெரியும், எங்களோடு சுற்றுவதையும் பார்த்துவிட்டார்கள். அவர் உட்கார்ந்தால் நடிப்பு என்று உடனே தெரிந்துவிடும். நாலாம் நாள் ஞாயிறு. காலையில் புட்டும் பயறும் தின்றுகொண்டிருக்கும்போது நான் சுஜா அக்காவிடம் கேட்டேன்.

"நானா? எனக்கு நாணமா இருக்கும் மக்கா."

"நீங்க ஒண்ணும் பேச வேண்டியதில்லக்கா. மூணாவது தடவ நான் பேர் கூப்பிடும்போது தரையில உக்காந்தா போதும். உங்களப் பாத்து எல்லாரும் உக்காந்துடுவாங்க."

"உக்காரலேன்னா?"

"இதுவரைக்கும் உக்காராம இருந்ததே இல்ல."

செல்வி அக்கா என்னைப் பார்த்தார். "அவுங்க வேலை செய்ற எடத்து ஆளுங்க வருவாங்களே தம்பி" என்றார். நாடகந்தானே அக்கா என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது.

மாலை நாலு மணிக்கு வாசகசாலை முன்னால் இருக்கிற மைதானத்தில் ஐம்பது அறுபது பேர். முக்கால்வாசி பால்வெட்டுத் தொழிலாளிகள், குளித்துத் தலைசீவி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு. வாசலில் பேர் எழுதிக்கொண்டேன். வரிசையில் நிற்கச் சொன்னதும் ஒரு நொடியில் நின்றார்கள். இராஜாக்கமங்கலத்தில் அரைமணி நேரம் கெஞ்ச வேண்டியிருந்தது. இங்கே கைக்குக் கை இடைவெளி விட்டு, உயரப்படி, தாங்களாகவே. அதைப் பார்த்து நான் பூரித்தேன். எவ்வளவு பெரிய மடையன்.

"துரை நாற்காலி காலியா இருக்கு, யார் வர்றீங்க?" என்று கூவினேன். கூட்டத்துக்குள் ஒரே சிரிப்பு. "தங்கராஜ் அண்ணே, நீங்கதான்! போங்க, உமக்க சீட்டுல்லா அது!" என்று நாலைந்து பேர் ஒருவரைத் தள்ளிவிட்டார்கள். வெள்ளை வேட்டி கட்டின ஒருவர், நாணத்தோடு வந்து செங்கல் நகராமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தத் தோட்டத்து சூப்பர்வைசர் அவர்தான் என்று ஜெபின் என் காதில் சொன்னபோது ரவி தப்பை அடிக்கத் தொடங்கிவிட்டான்.

முதல் பெரட்டு. எல்லாரும் சிரித்துக்கொண்டு "ஆஜர்" என்றார்கள். இரண்டாவது பெரட்டு. பிந்திச் சொன்னவருக்கு வெட்டு என்றேன். அதற்குப் பிறகு ஒருவர்கூடப் பிந்தவில்லை. மூன்றாவது பெரட்டில் சிரிப்பே இல்லை. நான் பேரை முடிக்கும் முன்பே "ஆஜர்" வந்தது. தங்கராஜ் ஒன்றும் செய்யவில்லை. ஒரு கையை மடியில் வைத்து, பேர் சொல்கிறவர் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அது அவருக்குப் பழக்கம்.

சுஜா அக்காவின் பேர் முப்பத்தொன்றாவது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. பதிவேட்டில் என் விரல் அந்தப் பேருக்கு மேல் இருந்தது. அவர் பேரைத் தாண்டி அடுத்த பேருக்கு நான் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோன்றியது. ஆனால் தப்பு உச்சத்தில் இருந்தது, கூட்டம் மூச்சை அடக்கி நின்றது. இவ்வளவு சுத்தமாக அந்தக் காட்சி எங்கள் ஊரில்கூட அமைந்ததில்லை. நான் கூப்பிட்டேன்.

"சுஜா!"

அவர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சுஜா!"

சேலையைக் கணுக்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

ரவி தப்பை நிறுத்தினான். அப்படித்தான் நாங்கள் ஒத்திகை பார்த்திருந்தோம். இந்த இடத்தில்தான் பக்கத்து ஆள் உட்கார வேண்டும். பக்கத்தில் நின்றவர் சுஜா அக்காவின் கூட்டுக்காரி, தினமும் ஒன்றாக வேலைக்குப் போகிறவர். அவர் அரை அடி தள்ளி நின்றுகொண்டார். ஐம்பது பேர் நிற்க ஒரு பெண் மண்ணில் உட்கார்ந்திருந்தார். நான் அடுத்த பேரைக் கூப்பிட்டேன். "ஆஜர்." அதற்கடுத்தது. "ஆஜர்." கடைசிப் பேர் வரைக்கும்.

தங்கராஜ் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "எழும்பு பெண்ணே, நாடகம் தீந்துது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், பிறகு கைதட்டினார்கள். சுஜா அக்காவும் மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "இதுதான் மக்கா நாடகம்!" என்று ஜெபின் என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கும் கண்ணீர் வந்தது, பெருமையில். செல்வி அக்கா மட்டும் பதிவேட்டை என் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு சுஜா அக்கா கத்தியும் வாளியுமாகத் திரும்பி வந்தார். பதினொன்றுக்கு வர வேண்டியவர். வாளி காய்ந்திருந்தது.

"எனக்க பேரு விளிக்கல்ல" என்றார். "நிக்கேன், நிக்கேன், எல்லாரையும் விளிச்சு முடிஞ்சுது. என்ன தங்கராஜ் அண்ணேன்னு கேட்டேன். நேத்து நீதானடி ஆஜர் சொல்லமாட்டேன்னு இருந்த, அதான் இன்னைக்கு நான் செரமப்படுத்தல்லன்னு சொல்லிச் சிரிக்கான். எல்லாரும் ஒக்கச் சிரிக்காவ."

மறுநாளும் கூப்பிடவில்லை. அன்று நானும் ஜெபினும் தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். தங்கராஜ் எங்களை உட்கார வைத்துச் சாயா வரவழைத்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாடகம் கொள்ளாம் தம்பி. எனக்க மகளுக்கிட்டயும் சொன்னேன்."

"அது நான் செய்யச் சொன்னதுங்க. அவங்க தப்பு ஒண்ணுமில்ல. வேணும்னா எழுதிக் குடுக்கிறேன்."

"என்னத்த எழுதுவிய? நாடகத்துல உக்காந்ததுக்கு ஆராவது வேலைய விட்டு நிறுத்துவானா? எல உதிருத சமயம், பாலு கொறவு. டெம்பரரி ஆளுகளக் கொறைக்கச் சொல்லி மேலே இருந்து சொல்லியாச்சு. ஆரக் கொறைக்கணும்னு நெனச்சிட்டு இருந்தேன்."

"ஒம்பது நாள்தான் பாக்கி அண்ணே" என்றார் ஜெபின்.

தங்கராஜ் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஜெபினே, அம்பது பேரு பாக்க ஒருத்தி எனக்க முன்னால உக்காந்தா. அடுத்தநாளு நான் அவ பேர விளிச்சேன்னு வையி. நாளைக்கு எத்தன பேரு உக்காருவான்? காலம்பற அஞ்சரைக்கு மேனேஜருக்க முற்றத்துல நானும் கைகட்டி நிக்கணும் பாத்துக்க. அவரு எனக்க பேர விளிக்கணும்."

நான் எழுதின நாடகத்தின் பொருள் முழுவதையும் அவர் நான்கு வரியில் சொல்லிவிட்டார். எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஐம்பது பேருக்கும் தெரிந்திருக்கிறது. துரை எழுந்து போன நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அது வேலை செய்கிறது, ஒரு கால் ஒடிந்திருந்தாலும் செய்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் கடல் தாண்டி வந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து சுஜா அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னியே மக்கா, எல்லாரும் உக்காருவாவன்னு. நான் உக்காந்துட்டுத் திரும்பிப் பாக்கேன், எல்லாருக்க காலுதான் தெரியுது." உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டார். "ஒங்க ஊருல உக்காருவானே, அவன் ஆரு? அவனுக்கு வேல போவாதா?"

"அவரு எங்க குழுவோட ஆள்க்கா. வேற தோட்டத்துல போய்த்தான் உக்காருவாரு."

"அப்படிச் சொல்லு" என்றார். பிறகு இலை போட்டுச் சோறு வைத்தார், மீனும் வைத்தார். ரவியால் சாப்பிட முடியவில்லை. நான் சாப்பிட்டேன், எழுந்து போகத் தைரியமில்லாமல்.

புறப்படுகிற அன்று அவர் மகள் பள்ளிக்கூடம் போகும்போது எங்களுக்குக் கைகாட்டவில்லை. ஜெபின் நாகர்கோவில் வரை ஆட்டோவில் கொண்டு விட்டார். நாற்காலியை எடுத்துக்கொள்ளவா என்று இறங்கும்போது ரவி கேட்டான். "அது இங்கேயே கெடக்கட்டு" என்றார் ஜெபின்.

ஊருக்கு வந்த பிறகு முத்தையா, நாடகம் எப்படிப் போச்சு என்று கேட்டார். நன்றாகப் போனது என்றேன். செல்வி அக்கா அங்கேயே நின்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். முத்தையா வெகுநேரம் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அதன் பிறகு நாங்கள் பெரட்டைப் போடவில்லை. கூப்பிட்ட இரண்டு தோட்டங்களுக்கும் வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நாற்பது நாள் கழித்து ஜெபினிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னணியில் ஆட்டோ சத்தம். "சுஜாவ எடுத்தாச்சு. நடுவுல அண்டியாபீசுல முந்திரிக்கொட்ட தல்லி ஒடைக்கப் போனா, அதுக்க எண்ண பட்டு கையெல்லாம் வெந்து போச்சு. இப்பம் தங்கராஜ் அண்ணன் திரும்ப விளிச்சிட்டாரு. புது பேர்ப்பதிவு. இன்னைக்கு மொத நாளு."

ஒரு தரம் தரையில் உட்கார்ந்து எழுந்ததற்கு சுஜா அக்கா கொடுத்தது நானூற்று எழுபத்தொரு நாள்.